ஆளில்லாத வீட்டுக்கு முன்னால் ஒலிபெருக்கி

ஜார்ஜ் டவுன், பினாங்கு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் லோகேஸ்வரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் உன் அப்பா, உன் தங்கை, நான் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம், ஆனால் பேசிக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீ அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் அம்மா எதற்குத் தாளில் எழுதித் தபாலில் போடுகிறாள் என்று சிரிப்பாய். குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் தங்கை பிரமிளா பார்ப்பாள். உனக்குத் தனியாக அனுப்பலாம் என்றால் எனக்கு இப்போது அந்த வாட்ஸ்அப்பைத் தொடவே பயமாக இருக்கிறது, காரணம் கீழே வருகிறது, பொறுமையாகப் படி.

முதலில் உன் கதையை முடித்துவிடுகிறேன். நீ ஆன்லைனில் வாங்கி அனுப்பிய அந்த ஆரஞ்சு நிறக் காதடைப்பான் நூறு ஜோடியும் வந்து சேர்ந்தது. உன் அப்பா ஒன்றை வைத்துக்கொண்டு படுத்தார். உன் தங்கையின் போராட்டக்காரர்கள் வாசலில் போட்ட சத்தம் அப்படியே கேட்டது, அலாரம் மட்டும் கேட்கவில்லை, வேலைக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினார். மிச்சம் தொண்ணூற்றொன்பது ஜோடியை என்ன செய்வது என்று நீயே சொல். அதோடு குடும்பக் குழுவில் மூன்று பத்தி எழுதியிருந்தாயே, பேச்சுரிமை என்றால் என்ன, ஜனநாயகம் என்றால் என்ன, சத்தம் இல்லாத போராட்டம் போராட்டமே இல்லை என்று, உன் தங்கை அதற்கு ஏழு இதயம் போட்டாள். போன மாதம் நீதானே சொன்னாய், உங்கள் அடுக்குமாடியில் ஒன்பது மணிக்கு மேல் வாஷிங் மெஷின் ஓட்டினால் நிர்வாகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று. ஒரு வாஷிங் மெஷினுக்கு வாய் திறக்க உரிமை இல்லாத ஊரில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, இங்கே பினாங்கில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் படுக்கிற மனுஷனுக்குப் பேச்சுரிமை பாடம் நடத்துகிறாய். நன்றாயிருக்கிறது லா, ராசா.

நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன். நம் குடியிருப்புக்கு, நம் தாமானுக்குப் பின்னால் இருக்கும் திடலை, நீ பந்து விளையாடி முன்பல்லை உடைத்துக்கொண்ட அதே திடலைத்தான், ஒரு கம்பெனி வாங்கி முப்பத்து நான்கு மாடி கட்டப் போகிறது. அந்தக் கம்பெனியின் முதலாளி நம் வரிசையின் மூலை வீட்டுக்காரர், அரசாங்கத்தில் பட்டம் வாங்கிய அந்த டத்தோ. திடல் போகக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, நம் வீட்டுக் கொல்லையில் காயும் துணிக்கு வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் செய்த வேலையைக் கேள். நான்கு மாதமாகச் சனி, ஞாயிறு காலை பத்து மணிக்கு டத்தோ வீட்டு வாசலில் கூடி, ஒரு மணி வரைக்கும் ஒலிபெருக்கியில் கத்துகிறார்கள். கூட்டத்தில் மைக் பிடிப்பது யார்? நம் வீட்டு மகாராணி பிரமிளாதான். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் போகச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவள். இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா, அந்த டத்தோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே குடும்பத்தோடு கோலாலம்பூர் போய்விடுகிறார், திங்கட்கிழமைதான் வருகிறார். நாயைக்கூடக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். வீட்டில் இருப்பது ஓர் இந்தோனேசியப் பெண், அவளும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கைப்பேசியில் படம் பிடிக்கிறாள். ஆளில்லாத வீட்டைப் பார்த்து மூன்று மணி நேரம் வெளியே வா, பதில் சொல் என்று கத்தினால் யார் வருவது, பூந்தொட்டியா வரும்? கேட்பதெல்லாம் நாங்கள்தான், மாறாமல், வாரம் தவறாமல்.

உன் அப்பாவுக்கு அக்கரையில், பிறை ஊர்த் தொழிற்சாலையில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ராத்திரியும் பன்னிரண்டு மணி நேர வேலை, உனக்குத் தெரியும். காலையில் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு தோசை தின்றுவிட்டு ஒன்பதரைக்குப் படுத்தால் பத்து மணிக்கு உன் தங்கை மைக்கைத் தட்டிப் பார்ப்பாள். அவர் எழுந்து கத்தியிருந்தால் எனக்குக்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கட்டிலில் மல்லாந்து கிடந்து விசிறியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்டால் “புள்ள நல்லாத்தான் பேசுது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் விசிறியைப் பார்ப்பார். ஆவணி மாதம் ஒரு ஞாயிறு காலை பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வரும்போது கண் சொக்கியிருக்கிறது. கைப்பிடி தடுப்புக் கம்பியில் உரசி, கண்ணாடி உடைந்து, முழங்கையில் ஒரு சாண் தோல் போய்விட்டது. பின்னால் வந்த மலாய்க்காரர் ஒருவர் தூக்கி நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, நம் வீட்டு வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து விட்டுப்போனார், அவர் குடும்பம் நன்றாயிருக்கட்டும். உனக்கு அப்போது வழுக்கி விழுந்தார் என்று சொன்னேன், அது பொய். இப்போது பாலத்தில் வராதே, ஃபெரிப் படகில் வா என்று சொல்லி வைத்திருக்கிறேன், தூங்கினாலும் உட்கார்ந்து தூங்கலாம், கடல் ஒன்றும் செய்யாது. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு, அதுவரை அவரை முழுசாகக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை.

அன்றே பிரமிளாவிடம் சொன்னேன். அப்பா கையைப் பார்த்து அழுதாள், அழாமல் இல்லை. அடுத்த வாரம் பெரிய மனசு பண்ணி ஒலிபெருக்கியின் வாயை நம் வீட்டுப் பக்கமிருந்து திருப்பி வைத்தாள். அது எதிர்ச்சுவரில் அடித்து இரண்டு மடங்காகத் திரும்பி நம் படுக்கையறைக்குள் வந்தது. சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளேன், அப்பா எழுந்துவிடுவாரே என்றேன். “சாயங்காலம்னா பத்திரிகைக்காரங்க வரமாட்டாங்கம்மா, ஆளும் சேராது, போராட்டம்னா கொஞ்சம் இடைஞ்சல் இருக்கத்தான் செய்யும்” என்றாள். இடைஞ்சல் யாருக்கு? டத்தோ அங்கே கோலாலம்பூரில் ஏர்கானில் கவிழ்ந்து படுத்துத் தூங்குகிறார். பத்திரிகைக்காரர் என்று வந்தது மொத்தம் ஒரே ஓர் ஆள், அவரும் நம் வீட்டில் கழிவறையைக் கேட்டுப் போய்விட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனவர்தான், ஒரு வரி எழுதினாரா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமே, நம் தாமான் என்றைக்கு அமைதியாக இருந்தது? பேய்மாதம் வந்தால் சீனர்கள் மேடை போட்டு மூன்று நாள் பாட்டு, நம் கோயில் திருவிழாவுக்கு விடியலிலேயே ஒலிபெருக்கி, கல்யாண வீட்டில் கரோக்கே, பழைய பேப்பர் லாரிக்காரன் தினமும் அதே ரெக்கார்டைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறான். ஒருத்தர் சத்தத்தை ஒருத்தர் பொறுத்துக்கொண்டுதான் முப்பது வருஷம் ஓட்டினோம். இதற்கெல்லாம் புகார் எழுதாதவர்களுக்கு இப்போது மட்டும் திடீரென்று காது முளைத்துவிட்டது.

அந்தக் காது முளைத்தவர்களுக்குத் தலைவர் நம் யுகேந்திரன். குடியிருப்போர் சங்கத் தலைவர், இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் தாமான் வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ படம் அனுப்புகிறாரே அவர்தான். சத்தம் அளக்கும் ஏதோ ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, போராட்டம் நடக்கும்போது வாசல் வாசலாக நீட்டிக்கொண்டு திரிந்தார், டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி. பிறகு சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டார். சத்தத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் மைக் வைத்துப் பேசினார், முப்பது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் அந்த மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் போலீசுக்கு ஒரு புகார் என்று ஒரு தாளை வாசித்தார், சட்ட மலாயில் எழுதியது, பாதிப் பேருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. ஒலிபெருக்கியைக் குறையுங்கள் என்றோ நேரத்தை மாற்றுங்கள் என்றோ அதில் இல்லை. இந்தத் தாமானில் இனி எந்தக் கூட்டமும் கூடக் கூடாது என்று இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் யுகேந்திரனின் மருமகன், அவருக்கு வேலை டத்தோவின் அலுவலகத்தில். எங்கள் தூக்கத்தை டத்தோவுக்குக் கதவாக்கிப் பூட்டுப் போடப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனிமேல்தான் வெட்கக்கேடு. நம் தாமான் குழுவில் எதற்கும் பெயர்ப் பட்டியல் ஓடும், உனக்குத் தெரியாதது இல்லை. ஒருத்தர் தலைப்புப் போட்டு ஒன்றாம் நம்பர் பெயர் எழுதுவார், அடுத்தவர் அதை அப்படியே நகலெடுத்து இரண்டாம் நம்பரில் தன் பெயரைச் சேர்த்து மறுபடி அனுப்புவார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோத்தோங் ரோயோங், தாமானே சேர்ந்து சாக்கடை சுத்தம் செய்வது. எதிர்வீட்டு ரோஹானா எல்லாருக்கும் தேங்காய்ப்பாலில் நாசி லெமாக் சோறு கட்டித் தருகிறேன், யாருக்கு எத்தனை பொட்டலம் என்று பட்டியல் ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் யுகேந்திரன் புகாருக்குப் பட்டியல் ஆரம்பித்தார். இரண்டும் ஒரே குழுவில் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடியது. எந்தப் புண்ணியவானோ சாப்பாட்டுப் பட்டியலில் இருந்த பெயர்களைப் புகார்த் தலைப்புக்குக் கீழே ஒட்டிவிட்டான். நான் சமையலறையில் ஒரு கையில் கரண்டியோடு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கடைசிப் பட்டியலை நகலெடுத்து என் பெயரைப் போட்டேன். பதினான்காம் நம்பர், ருக்குமணி, இரண்டு பொட்டலம், ஒன்றுக்குச் சம்பல் வேண்டாம். ஞாயிறன்று சாக்கடை ஓரத்தில் ஒரே ரகளை. பொட்டலம் கேட்டவர்களுக்குப் பொட்டலம் இல்லை, புகாருக்கென்றே பெயர் போட்ட எட்டுப் பேர் அதே பட்டியலில்தானே நாங்களும் இருக்கிறோம், எங்கள் பங்கு எங்கே என்று ரோஹானாவைப் பிய்த்துவிட்டார்கள், அவள் “நான் சமைக்க வந்தேனா, கேஸ் போட வந்தேனா, ஆளை விடுங்க லா” என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். நாற்பத்தொரு பெயரோடு அந்தத் தாள் போன செவ்வாய்க்கிழமை போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பிரமிளாவை வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். அவள் ஐந்து நாளுக்கு முன்னால் போலீசுக்கு முறையாகத் தெரிவித்துவிட்டுத்தான் கூட்டம் போடுகிறாள், அதில் குறை இல்லை, சத்தத்தைக் காரணம் காட்டித்தான் இந்தப் புகார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம், பட்டியலைக் காட்டி, இந்தப் பதினான்காம் நம்பர் இரண்டு பொட்டலம் உங்கள் வீடா என்று மலாயில் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாராம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காலேஜ் வேலை ஒப்பந்த வேலை, டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும், கேஸ் கீஸ் என்று ஒன்று பதிவானால் அத்தோடு சரி. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். நான் பட்டியல் கலந்துபோன கதையை முழுக்கச் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், “ஐயோ எங்கம்மாவ மாட்டிவிட்டுட்டாங்களே” என்று. உடனே தன் கூட்டத்துக்கெல்லாம் போன் போட்டாள். பதினாறு பேர் பெயர் அவர்களுக்கே தெரியாமல் சேர்ந்தது, அவர்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்தால் அந்தப் புகாரே நிற்காது, முதல் ஆளாக எங்கம்மா வந்து சொல்வாங்க என்று என் முன்னாலேயே சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் உன் அப்பா வேலைச் சட்டையோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, யுகேந்திரன் வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன். முப்பது வருஷத்தில் அவர் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து நான் கேட்டதில்லை. “தூக்கம் போனது எனக்கு. பாலத்துல விழுந்தது நான். புகார் கொடுக்கணும்னா நான் கொடுத்திருப்பேன் லா. எந்தூக்கத்த வச்சி எம்மவ வாய அடைக்க உங்களுக்கு யாரு ரைட் கொடுத்தா? எம்பொண்டாட்டி பேர ஏமாத்திப் போட்டிருக்கீங்க, வெக்கமா இல்ல?” என்றார். யுகேந்திரன் அவரைப் பார்த்தார், பிறகு அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். “சரி தம்பி, நீங்க வேலைக்குப் போங்க, நேரமாச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

லோகேஸ், அந்த மனிதரைப் பற்றி மேலே இத்தனை எழுதினேனே, அன்றைக்கு அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஞாயிறன்று சாக்கடை ஓரத்தில் எல்லாரும் சிரித்துக் கலைந்த பிறகு அவர் என்னிடம் தனியாக வந்து கேட்டார், “தங்கச்சி, உங்க பேரு இதுல தப்பா வந்திருக்கு, எடுத்திரவா?” என்று. கேட்டார். நான்தான் “இருக்கட்டும்ணே” என்றேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது, எல்லாம் தெரிந்தே சொன்னேன். அதற்கு முந்தின நாள் காலையில்தான் உன் அப்பா வேலையிலிருந்து வந்து, வாயில் தோசையோடு உட்கார்ந்தபடி கண்ணை மூடிவிட்டார், நான் பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கில் சொன்ன வார்த்தை அது. ஊரையெல்லாம் கேலி பேசுகிற உன் அம்மா செய்த காரியத்தைப் பார்த்தாயா? நியாயம் பேச நான் யார்?

நேற்றுத் திங்கட்கிழமை மத்தியானம் பிரமிளா என் எதிரே உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டே, என் சார்பில் போலீசுக்கு ஒரு கடிதம் எழுதி வாசித்துக் காட்டினாள், என் அம்மாவின் பெயர் அவருக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டது என்று. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியது, பக்கத்தில் அவள் சாட்சி. பொய்யில் அவள் பெயரையும் சேர்த்து எழுத என் மனசு இடம் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டேன். “தெரியும்டி. எடுக்கட்டுமான்னு கேட்டாங்க, இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். ஒங்கப்பா உசுரோட இருக்கணும்னு நெனச்சேன், ஒன்ன நெனைக்கல” என்றேன். அவள் கிள்ளின தலையைத் தட்டில் வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், நான்கு மாதமாகக் கத்திப் பழகியவள் ஆயிற்றே. கத்தவில்லை. “நாலு மாசமா அந்த வீட்டு முன்னால நின்னு யாராச்சும் வெளிய வந்து ஆமா நாந்தான் செஞ்சேன்னு சொல்லுங்கன்னு கத்துறேன். ஒருத்தர் சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க. ஆனா எனக்குச் சந்தோசமா இல்லம்மா” என்றாள். அந்தக் கடிதத்தை நாலாக மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு சாப்பிடவில்லை. இன்று காலையில் காபி குடித்தாள், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் போகும்போது இந்த வாரத்திலிருந்து கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று அப்பாவிடம் சொன்னாள். ஆள் சேராதே என்றார் அவர். சேர்ந்த வரைக்கும் போதும் என்றாளாம்.

நாளைக்குப் புதன்கிழமை அவளுக்கு இரண்டாவது வாக்குமூலம். நானும் போகிறேன். தவறுதலாகச் சேர்ந்தது என்று சொல்லப் போவதில்லை, நான் வைத்த பெயர், நானே எடுக்கிறேன் என்று சொல்வேன். புகாருக்கு அதனால் பலம் கூடுமோ குறையுமோ, அவள் வேலை நிற்குமோ போகுமோ, எனக்குத் தெரியாது. அவள் என்னைக் காரில் ஏற்றிக்கொள்வாளா என்பதே தெரியாது, ஏற்றாவிட்டால் பஸ்ஸில் போவேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரியில் கண்ட நேரத்தில் நூடல்ஸ் தின்னாதே, கம்பளிச் சட்டையைத் துவைத்துப் போடு, அதையும் ஒன்பது மணிக்குள் துவை. இனி காதடைப்பான் எதுவும் அனுப்ப வேண்டாம். தண்ணீர்மலையான் முருகன் உன்னைக் கைவிடமாட்டான், நல்ல வேலையும் நல்ல துணையும் கொடுத்து நூறு வயது வாழவைப்பான். ஒன்றே ஒன்று மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன் தங்கைக்குப் போன் போடு. உரிமை, ஜனநாயகம் ஒன்றும் பேசாதே, அம்மாவுக்காகவும் பேசாதே. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் பேசுகிறவரைக்கும் சும்மா இரு.

உன் மேல் உயிரான
அம்மா ருக்குமணி